குளிருக்குக் கரையும் கொழுப்பும் கரையாத தொந்தியும்

கொழுப்பைக் குளிரூட்டிக் குறைக்கும் சிகிச்சையைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை கிலோ குறையும் என்பதைத்தான். ஒரு கிலோகூடக் குறையாது என்பதே அதற்கான நேர்மையான பதில். இது எடையைக் குறைக்கும் சிகிச்சையே அல்ல. இடுப்பிலோ அடிவயிற்றிலோ முகவாய்க்கு அடியிலோ விரலால் கிள்ளிப் பிடிக்கும் அளவுக்குத் தேங்கி நிற்கும் சதையை, ஊசி, கத்தி, மயக்க மருந்து எதுவும் இல்லாமல் ஓரளவு மெலியச் செய்யும் முறை, அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் அது உண்மையாகவே வேலை செய்கிறது என்பதை நான் நம்புகிறேன். என் தங்கை புதுச்சேரியில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டபோது முதல் ஆலோசனையிலிருந்து கடைசி அளவெடுப்பு வரை நான் உடனிருந்தேன். ஆனால் அந்த எல்லைக்கு வெளியே உள்ளவற்றையும் இது சரிசெய்துவிடும் என்று நம் பகுதியில் பலர் எண்ணிக்கொண்டிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கிளினிக்குகளில் இதை ‘ஃபேட் ஃப்ரீசிங்’ என்கிறார்கள். மருத்துவப் பெயர் கிரையோலிபோலிசிஸ். இதன் தொடக்கம் ஒரு குழந்தையின் கன்னத்தில் இருக்கிறது. குச்சி ஐஸ் சப்பிய ஒரு கைக்குழந்தையின் கன்னத்தில் சிவந்து தடித்த திட்டு தோன்றியதையும், அங்கே தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு மட்டும் அழிந்திருந்ததையும் எப்ஸ்டைன், ஓரன் என்னும் இரு மருத்துவர்கள் 1970இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். பிறகு, குளிர்காலத்தில் இறுக்கமான கால்சட்டை அணிந்து நெடுநேரம் குதிரை ஓட்டிய பெண்களின் தொடையில் இதைப் போன்ற தடிப்புகள் வருவதும் 1980இல் பதிவானது. இரண்டிலும் பாதிப்பு கொழுப்புக்குத்தான். மேலே இருந்த தோல் பெரிதாகச் சேதப்படவில்லை. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் ஆகியோர் இந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். குளிரை அளவோடு செலுத்தினால் தோலுக்குக் கேடில்லாமல் கொழுப்பை மட்டும் அழிக்க முடியுமா என்று பன்றிகளிடம் சோதித்து, முடியும் என்பதை 2008இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2010இல் இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்கும், 2012இல் வயிற்றுக்கும், 2014இல் தொடைக்கும், 2015இல் முகவாய்க்கு அடியில் உள்ள சதைக்கும் இப்படிக் குளிரூட்டும் கருவியை அனுமதித்தது.

கொழுப்பு மட்டும் ஏன் குளிருக்கு முதலில் பலியாகிறது என்பதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு அலமாரியே போதும். மார்கழி மாதக் காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் எண்ணெய் இறங்காது. பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் எப்போதும்போல ஊற்றும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே அது உறைந்துவிடுகிறது. உடலிலும் இதே கணக்குதான். தோல், தசை, நரம்பு ஆகியவற்றில் நீர்தான் மிகுதி. கொழுப்பு அணுக்களுக்குள் இருக்கும் கொழுப்போ நீர் உறையும் நிலைக்கு வருவதற்கு வெகு முன்பே படிகமாகத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியில்தான் இந்தச் சிகிச்சை முழுவதும் நடக்கிறது. கைக்குழந்தைகளின் கொழுப்பில் நிறைவுற்ற பங்கு பெரியவர்களுக்கு இருப்பதைவிட அதிகம். எனவேதான் ஒரு குச்சி ஐஸின் குளிரே குழந்தையின் கன்னத்துக்குப் போதுமானதாக இருந்தது.

என் தங்கைக்கு முதலில் நடந்தது குளிரூட்டல் அல்ல, பரிசோதனை. மருத்துவர் அவளை நிற்க வைத்தும் உட்கார வைத்தும் படுக்க வைத்தும் சதையைக் கிள்ளிப் பார்த்தார். இடுக்கி போன்ற அளவுகோலால் மடிப்பின் தடிமனை மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டார். பிறகு மேசையில் மல்லாந்து படுக்கச் சொல்லித் தலையை மட்டும் தூக்கி இருமச் சொன்னார். இரண்டு பிரசவங்களும் சிசேரியன் என்பதால் தழும்பின் அருகே குடலிறக்கம் இருக்கிறதா, வயிற்றின் நடுத்தசைகள் விலகியிருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக இதைச் செய்தார். இந்தப் பரிசோதனையின் முக்கியத்துவத்தை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு அடிவயிறு முன்தள்ளி நிற்பதற்குக் காரணம் கொழுப்பே அல்ல. கர்ப்பத்தில் விலகிய தசைகள் மீண்டும் சேராமல் இருப்பதுதான். அதற்கு இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளும் பயிற்சி வேண்டும், சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் வேண்டியிருக்கும். குளிரால் ஒரு பயனும் இல்லை. குடலிறக்கம் இருக்கும் இடத்திலோ, சதையை உறிஞ்சிப் பிடித்துக் குளிரூட்டும் கருவியின் கப்பை வைப்பதே ஆபத்து. தளர்ந்து தொங்கும் தோலுக்கும் இது மருந்தல்ல. கொழுப்பு போனபின் அந்தத் தோல் இன்னும் தளர்வாகத்தான் தெரியும்.

குளிர் பட்டால் ரத்தத்தில் கோளாறு உண்டாகும் சில அரிய நோய்களைப் பற்றியும் அவர் கேட்டார். கிரையோகுளோபுலினீமியா, குளிர் அக்ளூட்டினின் நோய், குளிரால் சிறுநீரில் ரத்த நிறமி வெளியேறும் நோய் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. குளிர்ந்த நீரில் கை வைத்தால் விரல் வெளுத்துப்போவது, குளிரில் தோல் தடித்து அரிப்பது போன்ற தொல்லை இருப்பவர்கள் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் ஊர் வெயிலில் வாழ்பவருக்குத் தமக்கு அப்படியொரு குணம் இருப்பதே தெரியாமல் போகலாம் என்பதால், கேள்வி கேட்காமல் நேரடியாகப் படுக்கையைக் காட்டும் கிளினிக்கை நான் நம்ப மாட்டேன்.

சிகிச்சை நடந்த விதம் எளிமையானது. தோலின்மேல் ஜெல்லில் ஊறிய மெல்லிய விரிப்பை ஒட்டினார்கள். தோலைக் குளிரிலிருந்து காப்பது அதுதான். அதன்மேல் கப்பை வைத்ததும் அது சதையை உள்ளே இழுத்துக்கொண்டது. இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது: உடலின் சூட்டை அந்த இடத்துக்குக் கொண்டுவருவது ரத்த ஓட்டம், சதையை இறுக்கிப் பிடித்தால் ஓட்டம் தணிந்து குளிர் அங்கேயே நிற்கும். முதல் சில நிமிடங்கள் கடுகடுவென்று வலித்ததாகச் சொன்னாள். பிறகு அந்த இடம் மரத்துப்போனதால், கைப்பேசியில் மகனின் பள்ளிக் குழுவில் வந்த செய்திகளைப் படித்துக்கொண்டே படுத்திருந்தாள். பழைய கப்புகளுக்கு ஒரு மணி நேரமும் புதியவற்றுக்கு 35 நிமிடமும் ஆகும். கப்பை எடுத்தபோது சதை கப்பின் வடிவத்திலேயே சிவந்து விறைத்து எழுந்து நின்றது. அதை உடனே இரண்டு நிமிடம் அழுத்திப் பிசைந்துவிட்டார்கள். அவள் பல்லைக் கடித்தது அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான். ஆனால் அப்படிப் பிசைவதால் பலன் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால் அதைத் தவிர்க்கச் சொல்லக்கூடாது. பிறகு சில நாள் கன்றிப்போன நிறமும், சில வாரங்கள் மரத்துப்போன உணர்வும் இருந்தன. புடவை கட்டிக் கொசுவத்தைச் செருகும்போது விரல் படுவதே தெரியவில்லை என்று அவள் பயந்தாள். இது பெரும்பாலோருக்கு வருவதும் தானாகப் போவதும்தான்.

கொழுப்பு ரத்தத்தில் கலந்து இதயத்தை அடைத்துவிடாதா என்று எங்கள் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கப்பை எடுத்த உடனே கொழுப்பு கரைந்து ஓடுவதில்லை. படிகமான கொழுப்பு அணுக்கள் சில நாட்களில் மெல்லச் சாகத் தொடங்குகின்றன. அவற்றை உடலின் எதிர்ப்பு அணுக்கள் சூழ்ந்து, இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டு, சிறிது சிறிதாக விழுங்கி அகற்றுகின்றன. இந்தக் காலத்தில் ரத்தக் கொழுப்பும் கல்லீரல் பரிசோதனையும் குறிப்பிடும்படி மாறவில்லை என்பது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே பத்தாம் நாளே கண்ணாடி முன் நின்று ஏமாற வேண்டாம். மூன்றாம் மாதம் பார்த்தால் போதும். கப் வைத்த இடத்தில் கொழுப்புப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு வரை குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. என் தங்கைக்கும் அளவுகோல் அந்த ஒட்டில்தான் காட்டியது. பாவாடை நாடாவின் மேல் பிதுங்கி நின்ற மடிப்பு பெரும்பாலும் படிந்துவிட்டது. எடை பார்க்கும் கருவி பழைய எண்ணையே காட்டியது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அவள் கேட்டதும் அதைத்தான்.

முன்னும் பின்னும் என்று காட்டப்படும் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, இடுப்புப் பட்டியைக் கொஞ்சம் மேலே ஏற்றி, விளக்கைப் பக்கவாட்டிலிருந்து போட்டால் யாருக்கும் பாதித் தொப்பை மறையும். ஒரே இடம், ஒரே ஒளி, ஒரே நிற்கும் நிலை, ஒரே எடை என்று நான்கும் பொருந்தும் படத்தை மட்டும் சான்றாகக் கொள்ளுங்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதற்கு வருகிறேன். முதல் ஆலோசனைக்கு எங்களை அழைத்துப்போன தங்கையின் கணவர், தமக்கும் இதைச் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்டார். அவருக்குக் கையும் காலும் ஒல்லி. தொந்தி மட்டும் பானையாக முன்னே நிற்கும். மருத்துவர் அவரைப் படுக்க வைத்துத் தொப்புளுக்குப் பக்கத்தில் கிள்ளிப் பார்த்தார். விரலுக்குள் வந்தது தோலும் அதை ஒட்டிய சிறு படலமும்தான். அதற்குக் கீழே வயிறு கல்போலத் தட்டுப்பட்டது. “சார், உங்களுக்குக் கொழுப்பு தோலுக்கு அடியில இல்ல, உள்ள இருக்கு. அங்க இந்த மெஷின் போகாது. கடைசியா ஷுகர் எப்ப பாத்தீங்க?” என்று அவர் கேட்டார். பணம் கட்டத் தயாராக இருந்தவரிடம் இப்படிச் சொன்ன அந்த மருத்துவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. எல்லா இடத்திலும் இப்படிச் சொல்வார்கள் என்று சொல்வதற்கில்லை.

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு வேறு, வயிற்றுத் தசைக்குப் பின்னால் கல்லீரலையும் குடலையும் சூழ்ந்திருக்கும் கொழுப்பு வேறு. முன்னதைக் கிள்ளிப் பிடிக்கலாம். அது கண்ணுக்குத்தான் பெரும்பாலும் உறுத்தல். பின்னதைக் கிள்ள முடியாது; நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புடையது அதுதான். குளிர் தோலிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் செல்வதில்லை, செல்லவும் கூடாது. ஆகவே உடலுக்குக் கேடு செய்யும் கொழுப்பை இந்தச் சிகிச்சை தொடுவதே இல்லை.

நம் பகுதியில் இது சிறிய செய்தியல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் நடத்தி 2023இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வயிற்றுப் பருமன் நாட்டிலேயே மிக அதிகமாக இருந்த இடம் புதுச்சேரிதான்: பெரியவர்களில் 61.2 விழுக்காட்டினர். நாட்டின் சராசரி 39.5. நீரிழிவிலும் கோவாவுக்கு அடுத்தபடியாக 26.3 விழுக்காட்டோடு புதுச்சேரி நின்றது; நாட்டின் சராசரி 11.4. ஒல்லியாகத் தெரிபவர்களுக்கும் இதில் விலக்கில்லை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3தான், ஆனால் உடலில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்கள் உடல்வாகு அப்படி. அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினாலே எச்சரிக்கை என்று வகுத்திருக்கிறார்கள். தையல்காரரின் நாடா ஒன்று இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம்.

இப்படிப்பட்ட ஊரில், ஒரு மணி நேரத்தில் தொப்பை போய்விடும் என்ற தோரணையில் விளம்பரம் செய்வதை வெறும் மிகைப்படுத்தல் என்று என்னால் விட முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர் அழகுக் கிளினிக்குக்குப் போய், மடிப்பு கொஞ்சம் படிந்ததும் தமக்கு இருந்த குறை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டால், இழப்பு பணத்தோடு நிற்காது. தங்கையின் கணவருக்கு ரத்தத்தில் சர்க்கரை எல்லை தாண்டியிருந்தது தெரிந்தது. இப்போது மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் நடக்கிறார், இரவில் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டியிருக்கிறார். உள்ளே இருக்கும் கொழுப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு: நடையும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்ந்தால், தோலுக்கு அடியில் உள்ளதைவிட விரைவாக அதுதான் குறையும். மாலை ஆறு மணிக்குமேல் வண்டிகளை விடாத கடற்கரைச் சாலை புதுச்சேரிக்காரர்களுக்குக் கிடைத்திருக்கிறது; எந்தக் கப்பும் செய்யாததை அந்தச் சாலை செய்யும்.

அழிந்த கொழுப்பு அணுக்கள் திரும்ப முளைக்காது என்று சொல்லி விற்பதும் உண்டு. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பெரியவர்களின் உடலில் கொழுப்பு அணுக்களின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை என்று 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்; ஆனால் மிஞ்சியிருக்கும் அணுக்கள் ஒவ்வொன்றும் உப்புவதற்குத் தடையில்லை. தின்பது கூடினால் கொழுப்பு அங்கேயும் பிற இடங்களிலும் சேரும்.

ஒப்புதல் படிவத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் ஒரு சிக்கலை விரிவாகச் சொல்லியாக வேண்டும். மிகச் சிலருக்கு, சிகிச்சை முடிந்து சில மாதங்களில், கப் வைத்த இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதிலாக வளர்கிறது. கப்பின் வடிவத்திலேயே தடித்து, சற்றுக் கெட்டியாகி, புடைத்து நிற்கிறது. முதன்முதலாக 2014இல் மருத்துவ இதழில் பதிவான இந்த விளைவு, தொடக்கத்தில் 20,000 முறைக்கு ஒன்று என்று கணக்கிடப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் அதைவிட அடிக்கடி வருவதாகக் காட்டியிருக்கின்றன. கனடாவைச் சேர்ந்த புகழ்பெற்ற மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா தமக்கு இது நேர்ந்ததை 2021இல் வெளிப்படையாக அறிவித்து வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. இந்தப் புடைப்பு உணவாலோ உடற்பயிற்சியாலோ கரையாது, தானாகவும் போகாது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சையோ, வெட்டி எடுப்பதோதான் வழி. கத்தி வேண்டாம் என்று வந்தவர் கத்தியிடமே போக நேரலாம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே வாயால் சொல்ல வேண்டும். படிவத்தில் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது.

இந்தக் கருவிகளில் பல தரங்கள் உள்ளன. நல்ல கருவி தோலின் வெப்பநிலையை இடைவிடாமல் கண்காணித்து, அளவு மீறினால் தானே நின்றுவிடும். அந்த ஏற்பாடு இல்லாத மலிவான கருவிகளில் தோல் குளிரால் வெந்து கொப்பளித்துத் தழும்பாகும். பியூட்டி பார்லரில் மருத்துவர் இல்லாமல் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொள்வது அதைவிட மோசம். கொழுப்புக்கு எதுவும் ஆவதற்கு முன் தோல் பட்டுப்போகும். விலையைப் பெரும்பாலும் ஒரு கப்புக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். ஒரு வயிற்றுக்கு எத்தனை கப், எத்தனை சிட்டிங் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கருவி, யார் கப்பை வைப்பார், மருத்துவர் அப்போது கட்டடத்தில் இருப்பாரா என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள். மூன்று நான்கு மாதமாகியும் அந்த இடம் குறையாமல் பருத்துக் கெட்டியாகத் தட்டுப்பட்டால், பலன் போதவில்லை, இன்னொரு சிட்டிங் வையுங்கள் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாமல், அந்தப் படங்களையும் ஒப்புதல் படிவத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு வேறொரு தோல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவும் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவும் இரண்டுமே இருக்கின்றன. கடலூரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் புறநோயாளிச் சீட்டு வாங்கும் நேரத்துக்குப் போய்விடலாம்.